ஜனாதிபதி எங்கே நின்று சத்தியம் செய்கிறார்?

2024 செப்டெம்பர் 23 காலை அநுர குமார திசாநாயக்க பதவியேற்றதை எங்கள் குழுவில் பலர் கைத்தொலைபேசியில்தான் பார்த்தோம். கொழும்பு ஜனாதிபதி செயலகம். ஒரு மேசை, ஒரு பத்திரம், ஒரு பேனா, பக்கத்தில் பிரதம நீதியரசர். வாசித்தார், கையெழுத்து வைத்தார், பிறகு சின்னதாய் ஒரு பேச்சு. தான் மந்திரவாதி இல்லை, சாதாரண பிரசை என்ற கருத்துப்படக் கதைத்தார். அவ்வளவுதான், முடிஞ்சுது.

"இவ்வளவுதானா?" எண்டு எங்களில் ஒருவர் கேட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது 2019. அநுராதபுரத்தில் வெள்ளைத் தாதுகோபுரத்துக்கு முன்னால் நடந்த பதவியேற்பு. அதைப் பார்த்தவர்களுக்கு 2024 இல் நடந்தது ஏதோ கந்தோரில் கையெழுத்துப் போட்ட மாதிரித்தான் இருந்திருக்கும்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குது. ஒரு ஜனாதிபதி எங்கே, எப்போது, யார் முன்னால் பதவியேற்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? சட்டமா, சோதிடரா, வெற்றி பெற்ற கட்சியா? நாங்கள் ஒவ்வொரு பதவியேற்பாக எடுத்துப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, இலங்கையின் நாற்பத்தைந்து வருட அரசியலை இந்த மேடைகளை வைத்தே சொல்லலாம் போலிருந்தது.

சட்டம் கேட்பது எவ்வளவு?

கொஞ்சம்தான். அரசியலமைப்பின் 32 ஆம் உறுப்புரை சொல்வது இதுதான்: ஜனாதிபதியாகத் தெரிவானவர் இலங்கைக்குள், பிரதம நீதியரசர் அல்லது உயர் நீதிமன்றத்தின் வேறொரு நீதியரசர் முன்னிலையில், நான்காம் அட்டவணையில் உள்ள சத்தியத்தையோ உறுதியுரையையோ செய்து ஒப்பமிட வேண்டும். அந்த நேரத்திலிருந்து அவர் பதவியில் இருக்கிறார்.

எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனை மணி, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வித்தியாசமான விஷயம் எண்டு விளங்கும். அமெரிக்காவில் நவம்பரில் தேர்தல், ஜனவரி 20 நண்பகலில் பதவியேற்பு. 1933 இல் நிறைவேறிய 20 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்த நாளை நிர்ணயித்துவிட்டது. அதற்கு முன்பு மார்ச் 4. விழா ஏற்பாடுகளைக் கவனிக்க 1901 முதல் ஒவ்வொரு முறையும் காங்கிரஸின் இரு சபைகளும் சேர்ந்து ஒரு குழுவை அமைக்கின்றன. தயாராவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கு. இந்தியாவில் 1977 இலிருந்து எல்லாக் குடியரசுத் தலைவர்களும் ஜூலை 25 அன்றுதான் பதவியேற்கிறார்கள். அவர்களுக்குச் சத்தியம் செய்து வைப்பவர் இந்தியத் தலைமை நீதிபதி.

எங்களுக்கு அப்படி இல்லை. 2015 இல் முடிவு வந்த அன்று மாலையே பதவியேற்பு. 2019 இலும் 2024 இலும் முடிவு அறிவித்த மறுநாள். ஆக, ஒரு நாளுக்குள் எல்லாம் தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானிப்பது வென்ற தரப்பு. சுபநேரம் பார்ப்பவர்கள் நேரத்தைச் சொல்வார்கள், அதிகாரிகள் ஓடித் திரிந்து ஒழுங்கு செய்வார்கள். ஆனால் இடம் எது என்பது அரசியல் தெரிவு. ஒரு ஜனாதிபதி இன்னும் வாயே திறக்க முன்னர், "நான் யாரோடு கதைக்கப் போகிறேன்" என்பதை அந்த இடம் சொல்லிவிடும்.

காலிமுகத்திடல், 1978

நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதலாவது ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. அவர் 1978 பெப்ரவரி 4 அன்று, சுதந்திரம் கிடைத்து 30 வருடம் பூர்த்தியான நாளில், காலிமுகத்திடலில் பதவியேற்றார். திறந்த வெளி, கடற்கரை, பெரும் கூட்டம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவரை ஜனாதிபதியாக்க மக்கள் அப்போது வாக்களிக்கவே இல்லை. 1977 பொதுத் தேர்தலில் வென்று பிரதமரானவர் அவர். 1972 அரசியலமைப்புக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, பதவியில் இருக்கும் பிரதமரே ஜனாதிபதி என்று ஆக்கினார்கள். நாங்கள் இப்போது "78 அரசியலமைப்பு" என்று சொல்வதே அந்த வருடம் செப்டெம்பர் 7 இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபரில்தான். முதலில் மேடை, நான்கு வருடம் கழித்து வாக்கு.

அந்த நேரம் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அ. அமிர்தலிங்கம். தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து வடக்கு கிழக்கில் வென்று வந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர். ஒரு பக்கம் எல்லா அதிகாரமும் ஒரு ஆளிடம் குவிகிறது. இன்னொரு பக்கம் ஒரு மக்கள் கூட்டம் நாங்கள் விலகப் போகிறோம் என்று வாக்களித்து முடித்திருக்கிறது. காலிமுகத்திடல் மேடையை இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேணும்.

கண்டி, 1989

ஆர். பிரேமதாச 1988 டிசெம்பரில் வென்று, 1989 ஜனவரி 2 அன்று கண்டி தலதா மாளிகையின் பத்திரிப்புவவில் பதவியேற்றார். தலதா மாளிகைப் படங்களில் எல்லோரும் கண்டிருக்கும் அந்த எண்கோண மண்டபம்தான் பத்திரிப்புவ. கண்டி அரசர் மக்களுக்குக் காட்சி தந்த இடம் அது.

பிரேமதாச கொழும்பு வாழைத்தோட்டத்துப் பிள்ளை. அவருக்கு முன் நாட்டை ஆண்டவர்கள் மாதிரிப் பெரிய நிலவுடைமைக் குடும்பத்திலிருந்தோ உயர்ந்ததாகச் சொல்லப்படும் சாதியிலிருந்தோ வந்தவர் இல்லை. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, வடக்கு கிழக்கில் இந்திய இராணுவம். அப்படியான நேரத்தில் அவர் அரசர் நின்ற இடத்தில் போய் நின்றார். "நானும் இந்த வரிசையில் ஒருவன்தான்" என்று சிங்கள பௌத்த மக்களுக்குச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. அந்த எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவரது இயற்பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சம். 1815 இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832 இல் அங்கேயே இறந்தார். சிங்கள அரசுரிமையின் அடையாளமாக இன்று தொலைக்காட்சியில் காட்டப்படும் மண்டபம், தென்னிந்தியாவிலிருந்து வந்த ஓர் அரச குடும்பத்தின் வேலை. மேடைகளுக்கு ஞாபகம் இருக்கு, ஆனால் நாங்கள் கேட்டால்தான் சொல்லும்.

மேடை இல்லாத பதவியேற்புகள்

எல்லாப் பதவியேற்பும் திட்டமிட்டு நடப்பதில்லை. 1993 மே 1 அன்று கொழும்பு ஆமர் வீதியில் மே தின ஊர்வலத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் பிரேமதாச கொல்லப்பட்டார். அன்றே பிரதமர் டி.பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியாகச் சத்தியம் செய்தார். ஒரு வாரத்துக்குள், மே 7 இல், பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது.

1999 டிசெம்பர் 18 இரவு கொழும்பு நகர மண்டபத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. சந்திரிகா குமாரதுங்க வலது கண்ணின் பார்வையை இழந்தார். மூன்று நாளில் தேர்தல், வென்றார். 22 ஆம் திகதி கண்ணில் கட்டோடு பதவியேற்றார்.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். சந்திரிகாவின் முதல் பதவிக்காலம் 1994 நவம்பரில் தொடங்கியது, ஆறு வருடம். ஆனால் தேர்தலை அவர் ஒரு வருடம் முன்கூட்டியே வைத்துவிட்டார். அப்படியென்றால் இரண்டாவது பதவிக்காலம் எப்போது தொடங்குது, 1999 டிசெம்பரிலா 2000 நவம்பரிலா? 2004 ஜனவரியில் அவரே ஒரு விஷயத்தை வெளியில் சொன்னார்: 2000 இல் இரண்டாவது தடவையாகவும் சத்தியம் செய்திருக்கிறாராம். யாருக்கும் தெரியாமல்! கமரா இல்லை, கூட்டம் இல்லை, சுபநேர அறிவிப்பு இல்லை. அந்தக் கணக்கின்படி அவர் 2006 வரை பதவியில் இருக்கலாம். 2005 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதவிக்காலம் 2005 டிசெம்பரோடு முடிகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் 2005 நவம்பரில் தேர்தல் வந்தது, மகிந்த ராஜபக்ஷ வந்தார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் கிட்டத்தட்ட 1 வீதம்தான். ஒரு சத்தியத்தின் திகதி பற்றிய சண்டை நாட்டின் போக்கையே எங்கே கொண்டுபோய் விட்டது என்று யோசித்துப் பாருங்கோ.

மகிந்த அதிலிருந்து பாடம் படித்திருப்பார் போல. 2010 ஜனவரியில் இரண்டாவது தடவை வென்றார். ஆனால் உடனே சத்தியம் செய்யவில்லை. உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டு, 2010 நவம்பர் 19 இல்தான் பதவியேற்றார். அவரது 65 ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள். இடையில் இருந்த அந்தப் பத்து மாதத்துக்குள் பொதுத் தேர்தலில் வென்று, செப்டெம்பரில் 18 ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற கட்டுப்பாட்டையும் நீக்கியாச்சு. விழா நடந்த போது அவர் கையில் இருந்த அதிகாரம், வாக்களித்த நாளில் மக்கள் கொடுத்ததைவிடப் பெரியது.

சத்தியம் செய்வது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு கதையையும் சொல்லுங்கோ.

சுதந்திர சதுக்கம், 2015

மைத்திரிபால சிறிசேன 2015 ஜனவரி 9 மாலை கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் பதவியேற்றார். அந்த மண்டபமும் கண்டியைப் பார்த்துக் கட்டியதுதான். 1815 உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட மகுல் மடுவவின் சாயலில் அமைந்தது. ஆனால் அன்று எல்லோரும் கதைத்தது கட்டடத்தைப் பற்றி இல்லை, பக்கத்தில் நின்ற நீதியரசரைப் பற்றி.

2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றக் குற்றப் பிரேரணை மூலம் நீக்கப்பட்டு, மொஹான் பீரிஸ் நியமிக்கப்பட்டிருந்தார். அந்த நீக்கம் சட்டப்படி சரியில்லை என்பது சிறிசேன தரப்பின் நிலைப்பாடு. ஆகவே பிரதம நீதியரசர் முன்னால் இல்லாமல், உயர் நீதிமன்றத்தின் சிரேஷ்ட நீதியரசர் க. ஸ்ரீபவன் முன்னால் சத்தியம் நடந்தது. "அல்லது வேறொரு நீதியரசர்" என்று 32 ஆம் உறுப்புரையில் இருக்கும் அந்தச் சின்ன வரி அன்றைக்குத்தான் பலருக்குக் கண்ணில் பட்டது.

அந்த நீதியரசர் ஒரு தமிழர். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து "ஒரு தமிழனுக்கு முன்னால சத்தியம் செய்யிறார்" எண்டு சொன்னது இன்னும் ஞாபகம். எங்களில் கனபேர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் படத்தை நம்பினோம். அந்த ஆட்சி எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பது வேறு கதை. ஆனால் ஒரு படம் எவ்வளவு தூரம் நம்பிக்கை தரும் என்பதை அன்று படித்தோம்.

அநுராதபுரம், 2019

கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பர் 18 அன்று ருவன்வெலிசாயவில் பதவியேற்றார். அதைக் கட்டியவர் துட்டகைமுனு. மகாவம்சத்தின்படி எல்லாளனை வென்ற அரசர். பத்து வருடத்துக்கு முன் முடிந்த போரில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர், எல்லாளனை வென்றவரின் தாதுகோபுரத்துக்கு முன்னால் நின்றார். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பேச்சும் அதே பாதையில்தான் போனது. சிங்கள மக்களின் பெரும்பான்மை வாக்குகளால் வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாகவும், தமிழரையும் முஸ்லிம்களையும் தன்னோடு சேரக் கேட்டும் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை என்றும் சொன்னார். யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்குப் போயிருந்தது. இடம் எங்களுக்கானதாய் இல்லை என்பதைப் பேச்சும் உறுதி செய்தது.

மறு வருடமும் இதே பாணிதான். 2020 ஓகஸ்டில் மகிந்த பிரதமராகச் சத்தியம் செய்தது களனி ரஜமகா விகாரையில். அமைச்சர்கள் பதவியேற்றது கண்டி மகுல் மடுவவில்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேணும். அநுராதபுரத்தையோ கண்டியையோ சிங்கள மக்கள் மதிப்பதில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு தலைவர் தன் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவது அவர் விருப்பம். பதவி ஏற்கும் அந்த நிமிடமே ஒரு மதத்தின், ஓர் இனத்தின் இடத்தில் நடக்கும்போதுதான், வெளியில் நிற்பவர்கள் தாங்கள் விருந்தாளிகள் என்று உணர்கிறார்கள்.

பாராளுமன்றம், 2022

அந்த ஆட்சி மூன்று வருடமும் தாங்கவில்லை. 2022 இல் காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரம் போட்டார்கள். 1978 இல் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதி பதவியேற்ற அதே திடல். ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகையும் செயலகமும் மக்கள் கையில். கோட்டாபய நாட்டை விட்டுப் போய், சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாவை அனுப்பினார். ஜூலை 20 இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு: ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3.

மறுநாள் ரணில் பாராளுமன்றக் கட்டடத்தில் பதவியேற்றார். அந்த நேரம் ஜனாதிபதி செயலகத்தின் முன்பக்கம் இன்னும் போராட்டக்காரரிடம் இருந்தது. பதவியேற்ற இரவே, 22 அதிகாலையில், படையினர் புகுந்து அவர்களை அடித்து அகற்றினார்கள். சத்தியம் செய்த இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாராளுமன்றம்தானே. ஆனால் அந்த முதல் இரவு மறக்கக்கூடியதில்லை. இடம் பொதுவாய் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டு வருடம் கழித்து, 3 வாக்கு எடுத்த அதே ஆள், மக்களின் வாக்கில் வென்று, அதே செயலகத்துக்குள் சத்தியம் செய்தார். அந்தக் கட்டடம் 1930 இல் சட்டசபைக்காகத் திறக்கப்பட்டது. 1982 வரை அதுதான் எங்கள் பாராளுமன்றம்.

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு சத்தியம்

தமிழ் வீடுகளில் "சத்தியப்பிரமாணம்" என்ற சொல்லுக்கு வேறொரு ஞாபகமும் இருக்கு. 1983 கறுப்பு ஜூலை முடிந்து சில நாட்களில், ஓகஸ்டில், 6 ஆவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேணும். அரச உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் செய்ய வேணும். மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். எங்கள் அப்பப்பா, அம்மம்மா தலைமுறையில் கையெழுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள், வைக்காமல் வேலையை யோசித்துப் பயந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கட பக்கம் ஒரு சத்தியம் கேட்டால் அது இவ்வளவு கண்டிப்பாய்த்தான் பார்க்கப்பட்டது.

அப்படியென்றால் ஜனாதிபதியின் சத்தியத்தையும் அதே கண்டிப்போடு பார்க்கலாம்தானே?

நான்காம் அட்டவணையில் அவர் சொல்வது, அரசியலமைப்புக்கும் சட்டத்துக்கும் அமைவாகக் கடமையைச் செய்வேன், அரசியலமைப்பை என்னால் இயன்றவரை பேணிப் பாதுகாப்பேன் என்பது. அந்த அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9 ஆம் உறுப்புரை இருக்கு. தமிழும் அரச கரும மொழி என்ற 18 ஆம் உறுப்புரையும் இருக்கு. மாகாண சபைகளை உருவாக்கிய 1987 இன் 13 ஆவது திருத்தமும் இருக்கு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஜனாதிபதியும், கண்டியில் நின்றாலும் அநுராதபுரத்தில் நின்றாலும், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சத்தியம் செய்தார். 9 ஆம் உறுப்புரைக்கு மேடை போட்டவர்கள் இருக்கிறார்கள். 13 க்கு? காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கடதாசியிலேயே கிடந்தன. வடக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, வருடக்கணக்காய்த் தேர்தல் நடக்காமலே போனது.

பதவியேற்பின் இடத்தையும் நாளையும் சட்டத்தில் நிரந்தரமாக எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பாராளுமன்றம் என்றால் எல்லோருக்கும் பொதுவான இடம். அந்தச் சத்தியத்தை இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்தால் இன்னும் நல்லம். நல்லூரில் ஒரு மேடை போடுங்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. அதுவும் இன்னொரு படமாய்த்தான் முடியும்.

அடுத்த பதவியேற்பை நேரலையில் பார்க்கும்போது, பின்னால் என்ன கட்டடம் தெரியுது என்பதைக் கட்டாயம் பாருங்கோ. பிறகு நான்காம் அட்டவணையை எடுத்து ஒருக்கா வாசியுங்கோ. ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. பிறகு வருகிற ஐந்து வருடமும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதிலிருந்துதான் வரும்.